சவுரியம்மாள் தேடிய சாவு

நாவல்குப்பத்துச் சாவடிச் சுவரில் யுத்த ஞாபகக் கல்லைப் பதித்த அன்று ஆறு வீட்டுப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். மகன் பெயரோ புருஷன் பெயரோ கல்லில் இருந்தது, அழுதார்கள். நியாயம். ஏழாவதாக ஒருத்தியும் அழுதாள். தன் புருஷன் பெயர் அந்தக் கல்லில் இல்லையே என்று அழுதாள். அவள்தான் சவுரியம்மாள்.

தாசில்தார், மண்டி முதலாளிகள், பாண்டு வாத்தியம் எல்லாம் போன பிறகு, என் முந்தானையைப் பிடித்து இழுத்துக் கல்லின் முன்னால் நிறுத்தினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. நான் அந்த ஊர் மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர். தேவகிருபை என்று பெயர். ஊரில் பலர் என்னை 'வாய் நீண்ட டீச்சர்' என்றுதான் சொல்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

“இன்னொரு வாட்டி படிங்க டீச்சரம்மா.”

“மூணு வாட்டி படிச்சாச்சு. இன்னாசின்னு பேர் இல்ல. சந்தோஷப்படுவியா, மூக்கைச் சிந்திக்கினு நிக்கறியே! செத்தவங்க பட்டியல்டி இது!”

“அதான் அழறேன்” என்றாள். “செத்தான்னு எழுதியிருந்தா எனக்கு ஒரு வழி பொறந்திருக்கும்.”

அப்போதுதான் விஷயம் எனக்குப் புரிந்தது. 

சவுரிக்குப் பதினாறு வயதில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதிமூன்றில், இன்னாசியோடு கலியாணம் நடந்தது. இருவருக்கும் தோல் பதனிடும் மண்டியில் வேலை. அவன் சுண்ணாம்புக் குழியில் தோல் புரட்டுவான், அவள் ஆவாரம்பட்டை இடிப்பாள். பதினாறாம் வருஷம் ஒருநாள் மேஸ்திரி இன்னாசியை எல்லார் முன்னாலும் செருப்பால் அடித்தான். மறுநாள் காலையில் இன்னாசி ஊரில் இல்லை. ஆம்பூர் ஸ்டேஷனில் பட்டாளத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்களோடு போய்விட்டான். பம்பாயிலிருந்து ஒரு கார்டு வந்தது. யாரையோ விட்டு எழுதியிருந்தான். “நலம். பஸ்ராவுக்குக் கப்பல் ஏறுகிறேன். மேஸ்திரியிடம் சொல்.” அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு வரி கிடையாது.

யுத்தம் முடிந்தது. போனவர்கள் திரும்பினார்கள். இன்னாசி வரவில்லை. இருபதாம் வருஷம் மதலைமுத்து என்பவன் அவளைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னான். அதே மண்டியில் தோல் காயவைப்பவன், பெண்டாட்டியைக் காலராவுக்குக் கொடுத்தவன். குடிக்க மாட்டான், குரல் உயர்த்த மாட்டான். அவனைப் பார்த்தால் சவுரியின் முகமே வேறாக இருக்கும். நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் இருவரும் கத்தோலிக்கர்கள். அவர்கள் வழக்கப்படி கலியாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாரும் இன்னாரும் மணக்கப் போகிறார்கள், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சாமியார் கேட்பார். சவுரியின் ஓலையை வாசிக்க மாட்டேன் என்றுவிட்டார் பங்குச் சாமியார். “புருஷன் இறந்ததற்கு அத்தாட்சி கொண்டு வா. இல்லாவிட்டால் நீ மனைவிதான், விதவை இல்லை.”

நான் சவுரியைத் திட்டினேன். “எங்க சபைக்கு வந்துடு. எங்க உபதேசியார் பேசிப் பார்ப்பார், ஒரு வாரத்துல முடிச்சிடலாம்.”

“உங்க சபையில மாதா இல்லியே டீச்சரம்மா.”

“அப்ப சும்மா சேர்ந்து இருந்து தொலைங்களேன். ஊர்ல யாரும் இல்லாததா?”

“செத்தா எங்கம்மா பக்கத்துல என்னைப் பொதைக்க மாட்டாங்க. வேலிக்கு வெளியதான் போடுவாங்க.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எனக்கு ஓலை வாசிக்கணும். எல்லாரும் உக்காந்திருக்கச் சொல்ல, என் பேரும் அவர் பேரும் சேத்து வாசிக்கணும். ஒளிஞ்சி வாழ நான் இன்னா திருடியா?”

கல் பதித்த அந்த வாரமே பேனாவை எடுத்தேன். பட்டாள ஆபீசுக்கு மனு எழுதினேன். பென்ஷன் கேட்டு எழுதுகிறவர்கள் உண்டு. இவள் சாவைக் கேட்டு எழுதினாள். ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. நாவல்குப்பம் கிராமத்திலிருந்து இன்னாசி என்ற பெயரில் எவரும் சேரவில்லை என்று இரண்டே வரி.

இங்கேதான் நான் என் அதிபுத்தியைக் காட்டினேன். மண்டி ஆட்கள் வருஷக் கட்டு எழுதிக் கொடுத்தவர்கள், வருஷம் முடியாமல் வேலையை விட்டுப் போக முடியாது. ஓடிப்போனால் முதலாளி ஸ்டேஷனுக்கே ஆள் அனுப்பிப் பிடித்து வருவார். அதனால் பட்டாளத்துக்கு ஓடியவர்களில் பாதிப் பேர் வேறு பெயரைத்தான் கொடுத்தார்கள். சின்னான் பெரியானாகிப் போவான், வேலு வேம்புலியாகிப் போவான். ஊர் அறிந்த ரகசியம் இது. கல்லில் இருந்த ஏழு பெயரில் ஆறு பேருக்கு வீடு இருந்தது. ஏழாவதாக, ‘காசி, தகப்பன் பெயர் முனியன்’ என்று இருந்ததே, அந்தக் காசியை ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

“உன் இன்னாசிதான்டி இந்தக் காசி” என்றேன். “மேஸ்திரிக்குப் பயந்து பேரை மாத்திக் கொடுத்திருக்கான்.”

சாமியாரிடம் போனோம். அவர் கெட்டவர் இல்லை, சட்டத்தை விழுங்கியவர். யோசித்துவிட்டு, “அந்தக் காசிதான் இன்னாசி என்று இரண்டு பேர் வேதப்புத்தகத்தில் கை வைத்துச் சொல்லட்டும். நான் பிஷப் மேற்றிராணியாருக்கு எழுதி உத்தரவு வாங்குகிறேன்” என்றார்.

அன்றிலிருந்து சவுரிக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் பூசை முடிந்ததும் நடைதான். எங்கள் ஊரிலிருந்து முப்பத்தொரு பேர் போய் இருபத்துநாலு பேர் திரும்பியிருந்தார்கள். ஒருவர் விடாமல் எல்லோரையும் தேடிப் போய்க் கேட்டாள். கல்லிலிருந்த மற்ற ஆறு பேருடைய வீட்டுக்கும் போனாள். காசியை யார் பார்த்தார்கள், எங்கே பார்த்தார்கள் என்று கேட்கப் போனவளுக்கு எல்லாருடைய கதையும் தெரிந்துபோயிற்று. ஒருவன் யுத்தத்தையே பார்க்கவில்லை, கப்பலில் வயிற்றுப்போக்கில் செத்தான். ஒருவன் கோவேறு கழுதை உதைத்துச் செத்தான். மூன்று பேர் ஜுரத்தில். ஒருவன் மேல் சரக்குப் பெட்டி சரிந்தது. ‘மகாயுத்தத்தில் வீர மரணம் அடைந்தோர்’ என்று கல் சொல்கிறது. குண்டடி பட்டவன் ஒருத்தன்கூட இல்லை!

கடைசியில் பெற்றவர்களே இவளைத் தேடி வர ஆரம்பித்தார்கள். “எம் புள்ள கடைசியா இன்னா சாப்ட்டான்னு யாராச்சும் சொன்னாங்களா சவுரி?” என்று கேட்பார்கள். இவள் சொல்வாள். தெரியாவிட்டால் தெரியாது என்பாள். ஒரு வார்த்தை கூட்டிச் சொல்ல மாட்டாள். அந்தக் குணம்தான் பின்னால் அவள் தலையில் மண்ணைப் போட்டது.

திரும்பி வந்தவர்களில் ஒருவன், காசி என்பவனோடு வேலூர்க்காரர் ஒருவர் கழுதைப் படையில் இருந்தார் என்று துப்புக் கொடுத்தான். பெயர் ஜியாவுல்லா. லாங் பஜாரில் ஜட்காக் குதிரைகளுக்கு லகானும் தோல் பட்டையும் தைக்கும் கடை வைத்திருந்தார். இருபத்துநாலாம் வருஷம் கோடை விடுமுறையில் நானும் சவுரியும் போனோம். கைவண்டிகளுக்கும் மூட்டைகளுக்கும் நடுவில் கடையைக் கண்டுபிடிப்பதற்குள் மண்டை காய்ந்துவிட்டது.

“காசியா? தெரியாம இன்னா! என் தோஸ்தாச்சே” என்றார் ஜியாவுல்லா. “பஸ்ரா தாண்டி அமாராவுல, ஆஸ்பத்திரிக் கூடாரத்துல, நான் பக்கத்துல இருக்கச் சொல்லதான் மௌத் ஆனான். ஜுரம் ஜாஸ்தி. ராத்திரி பூரா தெலுங்குலயே பேசிக்கினு இருந்தான்.”

சவுரியின் முகம் விழுந்தது. இன்னாசிக்குத் தெலுங்கில் ஒரு சொல் தெரியாது.

ஜியாவுல்லாவே மற்றதையும் சொன்னார். காசி, தெலுங்கு பேசும் குப்பம் ஸ்டேஷன் பக்கத்துக்காரன். ஊர் தாசரபள்ளி. எங்கள் ஊர் மண்டியில் மூன்று மாதம் மட்டும் வேலை செய்தான், கொட்டகையிலேயே படுத்துக் கிடந்தான். பட்டாளத்தில் ஊரைக் கேட்டபோது மண்டி இருந்த ஊரைச் சொல்லிவிட்டான். அதனால்தான் அவன் பெயர் எங்கள் கல்லில் ஏறியிருந்தது.

நாங்கள் வந்த காரணத்தைக் கேட்டதும் தைத்துக்கொண்டிருந்த பட்டையைக் கீழே வைத்தார். “இதுக்கா பேஜார் படறே? உங்க சாமியார்கிட்ட நான் வர்றேம்மா. காசிதான் இன்னாசின்னு சொல்லிட்றேன். அல்லா மன்னிப்பான். அவன் போய்ட்டான், நீ இருக்கே. யார் முக்கியம்?”

“இன்னொரு சாட்சி நான்” என்றேன் சட்டென்று. ஆமாம், பொய்ச் சத்தியம்தான். பைபிள் சொல்லிக்கொடுக்கும் டீச்சர்தான் நான். இன்று கேட்டாலும் அதையேதான் செய்வேன்.

காரியம் பழமாகிக் கையில் விழுந்த மாதிரி இருந்தது. காட்பாடியில் ரயில் ஏறிச் சவுரி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

“அந்தக் காசிக்கு ஆயி இருந்தா?”

“இருந்தா இருக்கட்டும்.”

“அவன் செத்தது அந்தம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குமா டீச்சரம்மா?”

“ஏண்டி, ஊர் வம்பு உனக்கு எதுக்கு? வாயை மூடிக்கினு வா.”

அவள் மூடிக்கொண்டுதான் வந்தாள். ஆனால் அடுத்த வாரமே, ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடலாம், பேச மாட்டேன் என்று என்னை அரித்தெடுத்துக் குப்பத்துக்கு ரயில் ஏற்றிவிட்டாள். தனியாக விட்டால் உளறிவிடுவாள் என்று பயந்துதான் நானும் போனேன்.

தாசரபள்ளியில் காசியின் அம்மா எல்லம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் ஆம்பூர்ப் பக்கம் என்றதுமே வாளியைக் கீழே வைத்தாள். வைத்த வேகத்தில் எங்களைப் பிடித்துக்கொண்டாள். குப்பம் பக்கத்தில் தெலுங்கும் பேசுவார்கள், தமிழும் பேசுவார்கள்.

“ஆம்பூரா? எம் மவன் அங்கதான் கீறான். தோல் மண்டியில. எட்டு வருசம் ஆச்சி. ரயில் ஏறினா அரை நாளு. ஒரு தபா எட்டிப் பாத்தானா? அவன் கேட்ட பொண்ண நான் கட்டி வைக்கலன்னு கோவம். பெத்தவ மேல அம்மாங் கோவம்! அவன் நாசமாப் போவ! அவன் கையில புழு வைக்க! தினம் காலையில எழுந்து மூஞ்சி கழுவறதுக்கு முந்தி அவனத் திட்டிட்டுத்தான் மறு வேல பாக்கறேன்.”

நான் சவுரியின் இடுப்பில் கிள்ளினேன். பலமாகவே கிள்ளினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

“அம்மா, திட்டாதீங்க. அவரு ஆம்பூர்ல இல்ல. பட்டாளத்துக்குப் போனாரு. தவறிட்டாரு.”

எல்லம்மா நம்பவில்லை. சவுரி ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஜியாவுல்லாவையும் கூடாரத்தையும் ஜுரத்தையும் தெலுங்கில் பேசியதையும் சொன்னாள். கடைசியாகக் கல்லைச் சொன்னாள்.

“எப்போ?” என்று கேட்டாள் எல்லம்மா.

“பதினேழாம் வருஷம்.”

கிழவி ஏதோ கணக்குப் பார்ப்பதுபோல் நின்றாள். பிறகு தன் உள்ளங்கையால் தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டாள். “செத்தவனையா திட்டினேன்? ஏழு வருசமா செத்தவனையா திட்டினேன்?” அக்கம்பக்கத்தார் ஓடி வந்து கையைப் பிடிக்கும்போது உதடு கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

ரயிலில் திரும்பினோம். ஆம்பூரில் இறங்கும்போது சொன்னேன். “உன் தலையில நீயே கொள்ளி வெச்சிக்கினே.”

“அந்தம்மா தினமும் திட்டுது டீச்சரம்மா. அது தெரிஞ்சிக்கினு நான் எப்படி ஓலை வாசிச்சிக்கினு குடும்பம் பண்றது?”

பத்து நாளில் எல்லம்மா உறவுக்காரர்களோடு வந்தாள். கல்லின் முன் தேங்காய் உடைத்து, சூடம் கொளுத்தி, ‘காசி’ என்ற எழுத்தைக் காட்டச் சொல்லித் தடவித் தடவி அழுதாள். ஊரே பார்த்தது. சாமியாரும் கோயில் வாசலிலிருந்து பார்த்தார். ஏழாவது பெயருக்கும் வீடு கிடைத்துவிட்டது. சவுரிக்கு அந்தக் கல்லில் இனி ஒன்றும் இல்லை.

மதலைமுத்து அவளைக் கடிந்துகொள்ளவில்லை. “நீ அந்தக் கெழவியப் பாக்கவே போயிருக்க வாணாம்” என்று ஒரே ஒரு முறை சொன்னான். மேலும் இரண்டு வருஷம் காத்திருந்தான். நான் இன்னும் மனுக்கள் எழுதினேன், எல்லாம் நாவல்குப்பத்திலிருந்து பொய்ப்பெயரில் போன ஒருவனை விசாரித்து. சர்க்கார் பதில் போடுவதையே நிறுத்திவிட்டது. இருபத்தாறாம் வருஷம் மதலைமுத்துவின் அக்காள் திருப்பத்தூரில் ஒரு பெண்ணைப் பேசி முடித்தாள். அவனுக்கும் வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. யாரை நோவது?

மூன்று ஞாயிறும் சவுரி பூசைக்குப் போனாள். வேண்டாம் என்று தலைதலையாய் அடித்துக்கொண்டேன், கேட்கவில்லை. மூன்றாம் ஓலை அன்று அவள் தனியாகப் போகக்கூடாது என்று அந்தக் கோயிலில் கடைசியில் நானும் நின்றேன். மதலைமுத்துவின் பெயரும் இன்னொருத்தி பெயரும் சேர்ந்து கேட்டன. இதற்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார் சாமியார். பெண்கள் பக்கத்தில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சவுரி முழங்காலில் இருந்தாள். எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. நான் வேற்றுச் சபைக்காரி, கத்தினால் பிடித்து வெளியே தள்ளியிருப்பார்கள். மறுநாள் அவள் வழக்கம்போல் பட்டை இடித்தாள்.

எட்டு வருஷம் போயிற்று. முப்பத்துநாலில் என்னைக் குடியாத்தம் தாண்டிக் கல்லேரிப்பட்டு என்ற ஊருக்கு மாற்றினார்கள். அங்கேயும் சாவடியில் ஒரு கல் இருந்தது. பிள்ளைகள் அதன் கீழே பம்பரம் விடுவார்கள். போன முதல் வாரம், அவர்களை விரட்டப் போனவள் சும்மா படித்தேன். நாலு பெயர். மூன்றாவது பெயர், ‘இன்னாசி, தகப்பன் பெயர் ராயப்பன். 1917.’

பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். அந்த ஊர்க் கத்தோலிக்கக் கோயிலில் மணியடித்துப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையைத் தேடிப் பிடித்தேன். எழுபது வயதுக்காரர்.

“ராயப்பனா? நாவல்குப்பத்தான். அவன் பொண்டாட்டி எங்க ஊருப் பொண்ணும்மா. தலைப்பிரசவத்துக்கு இங்க வந்தா. புள்ளைக்கு எங்க கோயில்லதான் ஞானஸ்நானம். மூணாம் மாசம் தூக்கினு போய்ட்டாங்க. அப்புறம் அந்தப் புள்ள இந்தப் பக்கம் வரவே இல்ல. பட்டாளத்துல பொறந்த ஊர் எதுன்னு கேட்டிருப்பாங்க, எங்க ஊரச் சொல்லியிருக்கான். கல்லு வெச்சப்ப நாங்களே அதப் பேசிக்கினோம்.”

“நாவல்குப்பத்துக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா?”

“யாருக்கு அனுப்பறது? அப்பன் ஆயி ரெண்டு பேரும் போய்ட்டாங்க. கட்டிக்கினவ ஒருத்தி இருக்கான்னு எங்களுக்கு எப்டித் தெரியும்?”

இரண்டு கல்லையும் ஒரே வருஷத்தில்தான் பதித்திருக்கிறார்கள். இன்னாசி பெயரை மாற்றவே இல்லை. சொந்தப் பெயரையும் சொந்தத் தகப்பன் பெயரையும் நேர்மையாகக் கொடுத்துவிட்டுத்தான் செத்திருக்கிறான். பொய்ப்பெயர் கொடுத்தான் என்று முடிவு கட்டியவள் நான். இரண்டு வருஷம் பொய்ப்பெயருக்கு மனு எழுதியவள் நான்.

மறுநாளே நாவல்குப்பம் போனேன். சவுரி மண்டியில் உலக்கை போட்டுக்கொண்டிருந்தாள். சொன்னேன். உலக்கையைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள். “பம்பாயிலேர்ந்து கார்டு போட்டானே” என்றாள். அன்றுதான் அவள் இன்னாசிக்காக அழுதாள். இத்தனை வருஷமும் அவன் சாவைத் தேடியதில் அவனுக்காக அழ அவளுக்கு நேரம் இருக்கவில்லை.

சாமியாரிடம் அழைத்துப் போனேன். அதே சாமியார்தான், கண் மங்கிவிட்டது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, சரிபார்க்க வேண்டும் என்று அலமாரியைத் திறந்து கலியாணப் புத்தகத்தை எடுத்தார். பதிமூன்றாம் வருஷத்துப் பக்கத்தைப் புரட்டினார். அவருக்கு முன்னிருந்த சாமியாரின் கையெழுத்தில் இருந்ததை விரல் வைத்து மெல்லப் படித்தார். “மணமகன் இன்னாசி. ராயப்பன் மகன். ஞானஸ்நானம் பெற்ற ஊர், கல்லேரிப்பட்டு.”

“இந்தப் புத்தகம் இவ்வளவு நாளும் எங்கே இருந்தது சாமி?” என்று கேட்டேன்.

“இந்த அலமாரியில்தான்.”

நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். என்னென்ன பேசினேன் என்று எழுத மாட்டேன். கிழவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, தன்னால் கொடுக்க முடிந்ததைக் கொடுக்கிறவர் போல, சவுரியைப் பார்த்துச் சொன்னார்.

“மகளே, இனி உனக்கு ஒரு தடையும் இல்லை. நீ தாராளமாக மணம் செய்துகொள்ளலாம். ஓலையை நானே வாசிக்கிறேன்.”

சவுரி அவரைப் பார்த்தாள். முப்பத்தேழு வயதில் தலை பாதி நரைத்திருந்தது. பட்டைச் சாயம் ஏறிய கைகளை மடியில் வைத்திருந்தாள்.

“யாரை சாமி?” என்றாள்.

குத்திக் கேட்கவில்லை. நிஜமாகவேதான் கேட்டாள்.